உட்கார்ந்த உயரம்

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த வளவில் எட்டு வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொட்டியும் துவைக்கிற கல்லும். முன்னறை பத்தடிக்கு எட்டடி இருக்கும். ஒரு சுவரை வாசல் எடுத்துக்கொண்டது. எதிர்ச்சுவரில் அடுப்படிக்குப் போகிற நிலை. மூன்றாவது சுவரை பீரோவும் அதன்மேல் அடுக்கிய பாய் தலையணைகளும் மறைத்திருந்தன. மிச்சமிருந்தது ஒரே ஒரு சுவர். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் அது பொதுச்சுவர் என்பதால் அதில் சன்னல் கிடையாது. எங்கள் வீட்டில் எந்தப் படத்தை மாட்டினாலும் அந்தச் சுவரில்தான் மாட்டியாக வேண்டும்.

சின்ன வீட்டில் தரை யாருக்கும் நிரந்தரமில்லை. சாப்பிட்ட இடத்திலேயே படிப்போம், படித்த இடத்திலேயே ராத்திரி பாயை விரிப்போம். சுவரில் கொடுத்த இடம் மட்டும் கொடுத்ததுதான். அதனால் அந்தச் சுவரில் யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. மேல்வரிசை முழுக்க ஆச்சியின் சாமிகள். அதற்குக் கீழே, சாமிகளோடு கலந்துவிடாமல் ஒரு சாண் தள்ளி, தாத்தாவின் போட்டோ. அப்பாவுக்கு ஒரு காமராஜர். வாசலை ஒட்டித் தினசரி காலண்டர், அதன் அடியில் முகம் பார்க்கிற கண்ணாடி. அண்ணனுக்குச் சுவரில் இடமில்லை. பீரோக் கதவின் உள்பக்கத்தில் எம்.ஜி.ஆரை ஒட்டிக்கொண்டான். எனக்கும் தங்கைக்கும் தரையிலிருந்து ஒரு முழ உயரம்வரை உரிமை உண்டு. அங்கே நாங்கள் தீப்பெட்டி லேபிள்களை வரிசையாக ஒட்டினோம்.

லேபிள்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை நடந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தின் பிழைப்பே மாறிப்போனது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு வண்ண அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் லேபிளோடு நிற்கவில்லை, காலண்டரும் வந்தது. ஆச்சி கும்பிட்ட சாமியும் நாங்கள் சோற்றுப் பசை தடவி ஒட்டிய லேபிளும் ஒரே தொழிலின் இரண்டு கிளைகள். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சுவர்களில் அடுத்த தை மாதம் என்ன தொங்கப்போகிறது என்பது அந்த ஆடியிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

ஆச்சியின் மேல்வரிசைப் படங்கள் சுவரோடு ஒட்டி நிற்காது. அடியில் இரண்டு ஆணி அடித்து, சட்டத்தின் கீழ்விளிம்பை அவற்றின்மேல் உட்கார வைத்திருப்பார்கள். மேலே ஓர் ஆணியிலிருந்து கயிறு வரும். கயிற்றை விட்ட அளவுக்குப் படம் முன்பக்கம் சாய்ந்து நிற்கும். பழைய வீடுகள் எல்லாவற்றிலும் இப்படித்தான். அந்த வீடுகளில் யாரும் நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார்கள். உயரத்தில் இருக்கிற படம் நேராக நின்றால் கீழே இருப்பவருக்குக் கண்ணாடியின் பளபளப்புதான் தெரியும். சாய்ந்தால்தான் முகம் தெரியும். சாய்வுக்குப் பின்னால் உண்டாகிற இடைவெளியில் காற்று ஓடும். மழைக்காலத்தில் சுவரின் ஓதம் தாளில் ஏறாது. எங்கள் வீட்டில் அந்த இடைவெளியைச் சிட்டுக்குருவி எடுத்துக்கொண்டது. கூட்டைக் கலைக்க ஆச்சி விடமாட்டாள். லட்சுமிக்குப் பின்னாலிருந்து வைக்கோல் துணுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும்.

மேல்வரிசையின் நடுவில் இருந்தது மீனாட்சி திருக்கல்யாணம். அதை வரைந்த சி. கொண்டையராஜுவை எங்கள் ஊர் தன் ஆள் என்றே சொல்லும். அவர் 1898-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1940களில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் ஊர் திரும்பவில்லை. தன்னிடம் தொழில் கற்ற இளைஞர்களோடு இங்கேயே தங்கினார். அவரும் டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் முதலிய சீடர்களும் வரைந்தவற்றைச் சிவகாசி அச்சகங்கள் லட்சக்கணக்கில் அச்சடித்தன. 1976-ல் அவர் இறந்தார்.

அந்தப் படங்கள் சின்ன வீட்டுக்கு ஏன் அவ்வளவு பொருந்தின என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். திரை எழுதிய கைக்கு ஒரு பழக்கம் உண்டு. கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் முகம் தெரிய வேண்டும். ஆகவே நடுவில் ஒரு முகம், அதன் இரு பக்கமும் சமமாகத் தூணோ தோகையோ, முகத்தில் நிழல் விழாத வெளிச்சம், நேராகப் பார்க்கிற கண். நாற்பது வாட் பல்பு எரிகிற, அடுப்புப் புகை படிந்த, சன்னலில்லாத அறையில் இந்த நான்கும் வேலை செய்தன. பெரிய கூடத்தில் நுணுக்கமான படத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். எங்கள் அறையில் அருகில் போகப் பாய்களைத் தாண்ட வேண்டும். இருந்த இடத்திலிருந்தே பார்வை பட்டுத் திரும்ப வேண்டும். கொண்டையராஜுவின் சாமி அதைச் செய்தது.

படங்களைப் பற்றி எனக்கு உருப்படியாகத் தெரிந்ததெல்லாம் பஜாரில் இருந்த ஒரு படக்கடையில் கற்றதுதான். பள்ளி விடுமுறைகளில் அங்கே எடுபிடி வேலை பார்த்தேன். கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கூரையிலிருந்து நீளநீளமாகச் சட்டங்கள் தொங்கும். தரை முழுக்க மரத்தூள். மேசைமேல் கம்பளி விரித்து அதில் கண்ணாடி வைத்திருப்பார். வைரமுனை வைத்த வெட்டுக்கோலை மண்ணெண்ணெயில் தொட்டு, அடிமட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பு. கோடு பாதியில் நின்றால் கண்ணாடி தன் போக்குக்கு உடையும் என்பதால் இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிறகு மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. கோட்டோடு பிளந்து வரும். சட்டத்தின் நான்கு மூலைகளும் 45 பாகைக்கு அறுபட வேண்டும். ஒன்று அரைப் பாகை பிசகினாலும் நான்காவது மூலை வாயைத் திறந்துகொள்ளும். பின்பக்கம் அட்டை வைத்து, சிறு ஆணிகளால் இறுக்கி, விளிம்பு முழுக்கக் காக்கித் தாள் ஒட்டுவோம். அதற்கு மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவது என் வேலை. மயில்துத்தம் இல்லாத பசையைப் பூச்சி தின்னும். பசையைத் தின்ன வந்த பூச்சி படத்தையும் தின்னும்.

அண்ணாச்சி படத்தை வாங்கிப் பார்த்ததும் முதலில் விலை சொல்லமாட்டார். "எந்தச் சுவத்துல மாட்டப் போறீய?" என்று கேட்பார். மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவர் என்றால், சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒட்டிக் கொடுப்பார். படம் சுவரைத் தொடாமல் நிற்கும். அடுப்படிப் பக்கம் என்றால் பின்தாளை இரண்டு மடிப்பு ஒட்டுவார். மேற்கு வெயில் விழுகிற இடம் என்றால், "அங்க வேண்டாம், வேற சுவரு பாருங்க" என்று சொல்லிவிடுவார். வெயில் பட்ட அச்சுப்படத்தில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். சலூன்களில் நீலம் பாரித்த நடிகைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். போட்டோ கொண்டுவருகிறவர்களிடம் மவுண்ட் அட்டை வைத்தே தீர வேண்டும் என்பார். மவுண்ட் இல்லாவிட்டால் போட்டோ கண்ணாடியைத் தொடும். ஈரம் இறங்கினால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். செத்துப்போன அப்பாவின் ஒரே போட்டோ கண்ணாடியோடு ஒட்டி, பிரித்தால் முகம் உரிந்து வருகிற நிலையில் கொண்டுவந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி அதைப் பிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடியோடேயே புதுச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்தார்.

எங்கள் அம்மாவுக்குச் சுவரில் என்ன இருந்தது என்ற கேள்வி எனக்கு அந்தக் கடையில் வேலை பார்த்தபோதுதான் வந்தது. வீட்டில் அதிக நேரம் இருந்தவள் அவள்தான். அப்பா மில்லுக்குப் போவார், நாங்கள் பள்ளிக்கூடம் போவோம், ஆச்சி வாசல் திண்ணையில் பொழுதைக் கழிப்பாள். அம்மா சமைத்து முடித்துவிட்டு அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். சாயங்காலம்வரை அவள் கண்ணுக்கு நேரே இருந்தது வெற்றுச் சுண்ணாம்பு. சாமிகள் அவளுக்கு மிக உயரத்தில் இருந்தார்கள். எங்கள் லேபிள்கள் முழங்காலுக்குக் கீழே. நடுவில், உட்கார்ந்தவளின் கண் உயரத்தில், எதுவுமே இல்லை.

அவளே ஒன்றை மாட்டினாள். ஜவுளிக்கடையில் கொடுத்த சீனரிக் காலண்டர். அகலமான ஆறு, ஒரு படகு, கரையில் தென்னைகள். எங்கள் ஊர் கரிசல் பூமி. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று வளவே விழித்திருக்கும். வந்த அன்று குடங்கள் வரிசையில் நிற்கும். அந்த வருடம் முடிந்து புதுக் காலண்டர் வந்தபின்னும் அம்மா அதைக் கழற்றவில்லை. தேதித்தாள் தைத்திருந்த அடிப்பாகத்தை மட்டும் கத்தரித்துவிட்டு, படத்தை அதே இடத்தில் மாட்டினாள்.

"போன வருசக் காலண்டர இன்னும் எதுக்கு மாட்டிருக்க?" என்று அப்பா கேட்டார்.

"நான் என்ன தேதியா பாக்கேன்? தண்ணியப் பாக்கேன்" என்றாள்.

அப்பா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் மிச்சம் விழுந்த சட்டத் துண்டுகளைக் கிளறி, இரண்டு பக்கம் கறுப்பும் இரண்டு பக்கம் பழுப்புமாக எடுத்து, மைபூசி ஒரே நிறமாக்கி, ஓரம் உடைந்து ஒதுக்கி வைத்திருந்த கண்ணாடியில் தேவையான அளவு வெட்டி அந்த ஆற்றுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. எந்தச் சுவரில், எந்த உயரத்தில் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தரையிலிருந்து இரண்டரை அடி என்றதும், குழந்தைகள் கை படும் உயரம் என்று சொல்லிக் கண்ணாடியின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தார். சன்னல் இல்லாத சுவரில், சன்னல் இருந்திருக்க வேண்டிய உயரத்தில் அந்த ஆறு பல வருடம் இருந்தது. நகரத்துக் கலைக்கூடங்களில் எவ்வளவோ நல்ல நிலக்காட்சிகளைப் பிறகு பார்த்திருக்கிறேன். பார்க்கிறவருக்கு இந்த அளவு பயன்பட்ட ஒரு படத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1980களின் கடைசியில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். கல்யாணமானபின் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப் போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையலறை, வெளியே தாழ்வாரம். முன்பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் சொன்ன முதல் நிபந்தனை, ஆணி அடிக்கக் கூடாது என்பது. வாடகைக்கு இருந்த எல்லோரும் கேட்டிருக்கிற வசனம். அதில் நியாயம் உண்டு. பழைய செங்கல் சுவரில் பூச்சு கனமாக இருக்கும். ஆணியை அடித்தால் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பூச்சு பெயரும். குடி மாறும்போதெல்லாம் பத்துப் பதினைந்து குழிகளை அடைத்து வெள்ளையடிக்க வேண்டியது அவர்தான்.

ஆனால் சுவரில் எதையும் மாட்டாத வீடு எங்களுக்கு வீடாகவே தோன்றவில்லை. குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ஏற்கெனவே இருக்கிற ஆணிகளைக் கணக்கெடுத்தோம். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனவை. பழைய குடித்தனத்தின் சாமி இருந்த இடம், காலண்டர் இருந்த இடம், கொசுவலைக் கயிறு கட்டிய இடம் என்று ஒவ்வோர் ஆணியும் ஒரு கதை சொன்னது. அவற்றில் இரண்டைப் படங்களுக்கு எடுத்துக்கொண்டோம். மற்றபடி அந்த வீட்டில் எங்களைக் காப்பாற்றியது ஒரு பலகை. ஆறங்குல அகலத்தில் நீளமான பலகை ஒன்றை வாங்கி, புத்தக அலமாரியின் தலையிலிருந்து பரணின் ஓரம்வரை வைத்தோம். அதன் முன்விளிம்பில் மெல்லிய ரீப்பர் ஒன்றை அடித்து, படங்களைச் சுவரில் சாய்த்து வைத்தோம். ஆணி தேவையில்லை. வேண்டும்போது முன்பின்னாக மாற்றலாம். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கலாம். இடம் குறைந்த வீட்டில் எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் காட்டத் தேவையில்லை. சிலது முன்னால் நிற்க, சிலது பின்னால் காத்திருக்கலாம் என்பதை அந்தப் பலகைதான் பழக்கியது.

இப்போது ஒட்டும் கொக்கிகள் வந்துவிட்டன. டைல்ஸிலும் வழவழப்பான எமல்ஷன் சுவரிலும் அவை நிற்கும். சுண்ணாம்பிலும் டிஸ்டெம்பரிலும் பெயிண்டை உரித்துக்கொண்டு விழும். வாங்குமுன் எடையைப் பார்க்க வேண்டும். 2 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. இரண்டடிக்கு ஒன்றரை அடிப் படத்தில் கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட 1.4 கிலோ, சட்டமும் அட்டையும் தனி. கொக்கி தாங்கும் எடைக்குமேல் போனால் ஆணியோ, துளையிட்டு பிளக் வைத்த திருகோதான் சரி. கட்டில் தலைமாட்டிலும் தொட்டில் பக்கத்திலும் ஒட்டுக் கொக்கியை நம்பவே கூடாது.

திருவல்லிக்கேணி வீட்டுப் பலகையின் நடு இடம் நெடுநாள் ஒரு கோட்டோவியத்துக்கு இருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் கரிசல் காட்டுக் கடுதாசி எழுதியபோது அதற்குப் படம் வரைந்தவர் கே.எம். ஆதிமூலம். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் பேர்போனவை. சென்னையில் தனியாக இருந்த காலத்தில் அந்தக் கடுதாசிப் பக்கங்களைக் கத்தரித்து வைத்திருந்தேன். அதில் ஒரு கிழவர் முகம். பத்திரிகைத் தாள் சீக்கிரம் பழுத்துவிடும் என்பதால் அமிலம் இல்லாத நல்ல அட்டையில் பொருத்தி, படத்தைவிட மூன்று மடங்கு அகலத்துக்கு வெள்ளை மவுண்ட் வைத்துச் சட்டம் போட்டேன். உள்ளங்கை அகலப் படம் ஒன்றரை அடி ஆனது.

அதைப் பலகையில் வைத்த பிறகுதான் வெள்ளையின் மதிப்பு எனக்குப் பிடிபட்டது. சின்ன அறையில் கண் ஓய்வதற்கு இடமே கிடையாது. துணி, பாத்திரம், புத்தகம், பை எல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அந்த நெரிசலில் சின்னப் படத்தைச் சின்னச் சட்டத்தில் வைத்தால் அதுவும் இன்னொரு சாமானாகிவிடும். சுற்றிலும் வெள்ளை விட்டால் படம் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆதிமூலத்தின் கோடு அடர்ந்தும் பிரிந்தும் ஓடுகிற விதத்தை, கன்னத்துக் குழியில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னிக்கொண்டு கறுப்பாகிற இடத்தை, கைக்கெட்டுகிற தூரத்திலிருந்து தினமும் பார்த்தேன். சின்ன வீடு அந்த ஒரு வசதியைத் தருகிறது. எந்தப் படமும் தூரத்தில் இல்லை. ஆகவே அருகில் பார்க்கத் தாங்குகிற படத்தைத் தேர்ந்தால் அது வருடக்கணக்கில் அலுக்காது.

சொந்தமாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியது பிற்பாடு. ஐந்நூற்றுச் சொச்சம் சதுர அடி. ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த உற்சாகத்தில் முதல் வாரமே துளைபோட்டுவிடாமல், படங்களின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி டேப்பால் சுவரில் ஒட்டி வைத்தோம். அந்தத் தாள்களோடு சில நாள் குடியிருந்தோம். கதவு திறக்கும்போது மறைவது எது, ட்யூப்லைட் பிரதிபலிப்பது எங்கே, நாற்காலியை இழுக்கும்போது தலை இடிப்பது எது என்று தாளே காட்டிக்கொடுத்தது. குளியலறையோடு ஒட்டிய சுவரில் எதையும் மாட்டவில்லை. கை வைத்தால் ஜில்லென்று இருந்தது, உள்ளே ஓதம் இருந்தது. அடுப்புக்கு எதிர்ச்சுவரையும் விட்டுவிட்டோம், எண்ணெய்ப் புகை கண்ணாடி இடுக்கிலும் நுழையும். மிஞ்சிய சுவர்களில் ஒன்றை வேண்டுமென்றே காலியாக வைத்தோம். முன்னறைக்கு ஒரு பெரிய படம் போதும் என்று முடிவு செய்தோம். சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள படம் சோபாவோடு சேர்ந்து நிற்கும். அதைவிடச் சிறிதானால் சுவரில் தொலைந்துபோகும்.

உயரத்தில்தான் எங்கள் வீடு மற்ற வீடுகளிலிருந்து மாறுபட்டது. கலைக்கூடங்களில் நிற்பவரின் கண் மட்டத்துக்கு, ஏறக்குறைய ஐந்தடியில், படத்தின் நடு வரும்படி மாட்டுவார்கள். அங்கே எல்லோரும் நின்றுதான் பார்க்கிறார்கள், அது சரி. வீட்டில் யாரும் நின்றுகொண்டிருப்பதில்லை. என் மனைவி தரையில் உட்கார்ந்து தைப்பாள். மகள் தரையில் படுத்துக்கொண்டு படிப்பாள். அவரவர் இருக்கிற இடத்தில் அவர்களை உட்கார வைத்து, கண் எங்கே போகிறது என்று பார்த்துக் குறி வைத்தேன். மனைவி தனக்குக் கேட்டது அவள் அம்மா கைப்படப் போட்ட ஒரு புள்ளிக்கோல நோட்டின் பக்கம்; தையல் மெஷினுக்கு நேரே மாட்டினோம். மகளுக்கு அவள் உயரத்தில் ஒரு சணல் கயிறும் துணிக் கிளிப்புகளும். அதில் எது தொங்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பது முழுக்க அவள் பொறுப்பு. சாமிகள் சமையலறை அலமாரியில். ஆச்சியின் மீனாட்சி கல்யாணத்துக்குச் சட்டத்தை மட்டும் மாற்றினோம்.

அப்பா இறந்தபின் அம்மா எங்களோடு வந்தாள். கட்டிலைச் சன்னலை ஒட்டிப் போட்டோம். அந்த ஆற்றுப்படம் வளவு வீட்டின் ஓதத்தில் ஏற்கெனவே வீணாகியிருந்தது. அதேபோல் ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்யா. இங்கதான் சன்னல் இருக்கே. எனக்கு நம்ம வளவு ஆளுகளப் பாக்கணும்" என்றாள்.

அவள் டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கல்யாணத்தன்று வளவு முற்றத்தில் எடுத்தது. பெண்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். ஸ்டூடியோவில் கொடுத்தபோது எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார்கள். எதிர்ச்சுவரில் மாட்டுவதானால் அம்மாவின் புரை விழுந்த கண்ணுக்கு மூன்றடி அகலமாவது வேண்டும். அந்த அளவுக்கு இழுத்தால் முகங்கள் புள்ளி புள்ளியாகச் சிதறிவிடும் என்றார்கள். ஆகவே படத்தைப் பெரிதாக்காமல் தூரத்தைக் குறைத்தோம். 8க்கு 10 அங்குலத்தில், சன்னல் வெளிச்சம் பளபளக்காத மேட் தாளில் அச்சிட்டு, கட்டிலை ஒட்டிய சுவரில், அவள் கால் நீட்டி உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும்படி மாட்டினேன். கையை நீட்டினால் முகத்தைத் தொடலாம். தொட்டாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் குழம்புவார்கள். இடுப்பு உயரத்தில் ஒரு படம் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மேல மாட்டியிருக்கலாமே" என்பார்கள். குனிந்து பார்ப்பார்கள். குனிந்தது போதாமல் கட்டில் ஓரத்தில் உட்காருவார்கள். உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பித்துவிடுவாள். இது முதல் வீட்டுக்காரி, இவள் கைராசிக்காரி, இவள்தான் தண்ணீர் வந்ததும் எல்லோரையும் எழுப்புவாள். கடைசி வருடங்களில் பலருடைய பெயர் அவளுக்கு மறந்தது. படத்தில் இருந்தவர்களின் பெயர்கள் வரிசை மாறாமல் வந்தன. வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். உட்கார வைத்தது அந்தப் படம் இருந்த உயரம்.

சின்ன வீட்டில் படம் மாட்டுவது பற்றி என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் சுவரைக் காட்டித்தான் கேட்கிறார்கள். இந்தச் சுவருக்கு என்ன நிறம் எடுக்கும், எத்தனை படம் வைக்கலாம், வரிசையாகவா கலைத்துப்போட்டா என்று. அவையெல்லாம் பிறகு. உங்கள் வீட்டில் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அவர் சுவரில் இடம் கேட்காதவராகத்தான் இருப்பார். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் நீங்கள் போய் உட்காருங்கள். எதிரே என்ன தெரிகிறது என்று பாருங்கள். எதைப் பார்க்க ஆசை என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வது மலிவான சீனரியாக இருக்கலாம், மங்கிப்போன போட்டோவாக இருக்கலாம். அதற்கு நல்ல சட்டம் போட்டு, அவர் கண் உயரத்தில் மாட்டிவிட்டு, மற்ற சுவர்களைப் பற்றிப் பிறகு யோசியுங்கள். சில வருடம் கழித்து அவர் வேறொன்றைக் கேட்டால் தயங்காமல் மாற்றுங்கள். படம் வாங்கும் காசில் முதல் பங்கு அவருக்கு உரியது.